பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும்: கம்ப்யூட்டர் பேரேட்டில் பெயர் தேடும் முறை



சிட்டையும் நாள்வழியும் பேரேடும் கையால் எழுதிய காலம் போய், இன்று தெருமுனை மளிகைக் கடையில்கூடக் கம்ப்யூட்டரில் பில் போடுகிறோம். வாடிக்கையாளர் பெயர், சரக்கின் பெயர், பில் எண், வரிப் பதிவு எண் எல்லாம் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் ஏறுகின்றன. காலையில் பில் போடுகிற பையன் எல்லாவற்றையும் கேப்பிடல் எழுத்தில் அடிக்கிறான். மதியம் வருகிறவர் முதல் எழுத்தை மட்டும் கேப்பிடலில் அடிக்கிறார். அவசரத்தில் ஒருவர் முழுவதையும் ஸ்மால் எழுத்தில் தட்டிவிடுகிறார். நம் கண்ணுக்கு மூன்றும் ஒரே கடைதான். கம்ப்யூட்டருக்கு அவை மூன்று வெவ்வேறு பெயர்கள்.

இந்த வேறுபாட்டைப் பாராட்டாமல் தேடு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல வழி இருக்கிறது. பைத்தான் என்னும் கம்ப்யூட்டர் மொழியில் அதை ஒரே ஒரு எழுத்தால் சொல்லிவிடலாம். அதை எப்படிச் சொல்வது, எந்த இடத்தில் சொல்லலாம், எந்த இடத்தில் சொல்லக் கூடாது என்பதையெல்லாம் வியாபாரிகளாகிய நாமும் தெரிந்துகொள்வது நல்லது. மொழி தெரிந்த பிள்ளைகள் இன்று வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். ஆனால் எந்த வேறுபாடு கணக்குக்கு முக்கியம், எது முக்கியமில்லை என்பது கடைக்காரருக்குத்தான் தெரியும். கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டால்தான் வேலை சரியாக நடக்கும்.

ஒரு குறிப்பு: இக்கட்டுரையில் ஆங்கில எழுத்துகளையும் கட்டளைகளையும் தமிழிலேயே எழுதியிருக்கிறோம். கம்ப்யூட்டரில் அடிக்கும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

ஒரே எழுத்துக்கு இரண்டு எண்

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1963இல் வெளியான ஆஸ்கி என்னும் எண் பட்டியல்தான் இதற்கு அடிப்படை. முதல் பட்டியலில் கேப்பிடல் எழுத்துகள் மட்டுமே இருந்தன. ஸ்மால் எழுத்துகளையும் சேர்த்து 1967இல் திருத்திய பட்டியல் வந்தது. அதன்படி கேப்பிடல் ஏ என்பது 65; ஸ்மால் ஏ என்பது 97. கேப்பிடல் இசட் 90. ஸ்மால் இசட் 122. எந்த எழுத்தை எடுத்தாலும் கேப்பிடலுக்கும் ஸ்மாலுக்கும் சரியாக 32 வித்தியாசம். உலக மொழிகள் அனைத்துக்கும் இன்று வழங்கும் யூனிகோடு முறையிலும் இந்த எண்கள் அப்படியே இருக்கின்றன.

ஆகவே 65 என்று கேட்டுத் தேடினால், 97 இருக்கும் இடத்தைக் கம்ப்யூட்டர் தாண்டிப் போய்விடும். பெயர்களை அகர வரிசையில் அடுக்கச் சொன்னாலும் இதே தொல்லைதான். எண் வரிசையை மட்டும் பார்த்து அடுக்கும் கம்ப்யூட்டர், கேப்பிடல் இசட்டில் தொடங்கும் பெயரை முன்னால் வைத்துவிட்டு, ஸ்மால் ஏயில் தொடங்கும் பெயரை அதற்குப் பின்னால் கொண்டுபோய் வைக்கும். பட்டியலின் முதல் பக்கத்தில் பெயரைக் காணாமல் "அப்படி ஒரு பார்ட்டியே இல்லை" என்று முடிவு கட்டிவிடுவோம். அது கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

கேஸ் என்றவுடன் நமக்குக் கோர்ட்டு வழக்கோ சோடாப் பெட்டியோதான் நினைவுக்கு வரும். இந்தக் கேஸ் அச்சகத்திலிருந்து வந்த சொல். ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சடித்த நாளில், கேப்பிடல் எழுத்துகளை மேல் பெட்டியிலும் மற்றவற்றைக் கீழ்ப் பெட்டியிலும் போட்டு வைப்பார்கள். மேல் பெட்டி அப்பர் கேஸ், கீழ்ப் பெட்டி லோயர் கேஸ் ஆயிற்று. தமிழ் எழுத்தில் பெரியது சின்னது என்ற பாகுபாடே கிடையாது. தமிழில் கணக்கெழுதிப் பழகிய நம் கண்ணுக்கு இந்த வேறுபாடு உறுத்தாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பாக்கி இரண்டாகப் பிரிந்தால்

இது எழுத்துப் பிழை, இதில் என்ன குடி முழுகிவிடும் என்று நினைக்கலாம். ஒரு கணக்கைப் பார்ப்போம். ரவி ஸ்டோர்ஸ் என்று ஒரு சில்லறைக் கடையை எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். அவருக்கு 50,000 ரூபாய் வரை கடன் கொடுக்கலாம் என்று மொத்த வியாபாரி வரம்பு வைத்திருக்கிறார். கேப்பிடல் எழுத்தில் உள்ள கணக்கில் 34,500 ரூபாய் பாக்கி. ஸ்மால் எழுத்தில் இன்னொரு கணக்கு உருவாகி, அதில் 28,200 ரூபாய் பாக்கி. தனித்தனியே பார்த்தால் இரண்டும் வரம்புக்குள் இருக்கின்றன. கூட்டிப் பார்த்தால் 62,700 ரூபாய். வரம்பைத் தாண்டி 12,700 ரூபாய் போயிருக்கிறது. கம்ப்யூட்டர் எச்சரிக்கை எதுவும் செய்யாது. அதன் கணக்கில் அவர்கள் இரண்டு பேர்.

வசூலுக்குப் போகிறவர் கையில் ஒரு கணக்கின் பட்டியல் மட்டும் இருந்தால், இன்னொன்று கேட்பாரற்றுக் கிடக்கும். விற்ற சரக்கின் விலைக்கு வழக்குப் போட 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் பொதுவாகக் கொடுப்பது 3 ஆண்டுகள்தான். அதற்குள் வாங்கியவர் பாக்கியை எழுத்து மூலம் ஒப்புக்கொண்டிருந்தால் காலம் புதிதாகத் தொடங்கும். கண்ணில் படாத கணக்குக்கு யார் போய் ஒப்புதல் கையெழுத்து வாங்குவார்கள்? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். அளந்து போட்டதை இரண்டு ஏட்டில் எழுதி வைத்தால் அளந்தும் பயனில்லை.

மாதிரி கொடுத்துத் தேடுவது

சாதாரணத் தேடலில் ஒரு பெயரை அடிக்கிறோம். அதே பெயர் இருக்கும் இடத்தைக் கம்ப்யூட்டர் காட்டுகிறது. அதற்கு அடுத்த படி, பெயரைக் கொடுக்காமல் பெயரின் வடிவத்தைக் கொடுத்துத் தேடுவது. மூட்டையில் குத்தூசி போட்டு எடுத்த மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு, இதைப்போல இருக்கிற மூட்டைகளையெல்லாம் ஒதுக்கு என்று ஆளிடம் சொல்வது போன்றது இது. ஆங்கிலத்தில் இதை ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்கிறார்கள். நாம் மாதிரி என்றே சொல்லிக்கொள்வோம்.

இதன் கணக்கு முறையை 1950களில் வகுத்தவர் ஸ்டீபன் கிளீனி என்னும் அமெரிக்கக் கணித அறிஞர். கம்ப்யூட்டரில் எழுத்துகளைத் தேட இதை எப்படிப் பயன்படுத்துவது என்று கென் தாம்ப்சன் என்பவர் 1968இல் எழுதினார். யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களில் கிரெப் என்னும் தேடும் கட்டளையாக அது பரவியது. இன்று புழக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் மொழிகள் பெரும்பாலானவற்றில் இந்த வசதி உண்டு. நெதர்லாந்துக்காரரான கைடோ வான் ராசம் 1991இல் வெளியிட்ட பைத்தான் மொழியில் ரீ என்னும் தொகுப்பில் இது இருக்கிறது. பைத்தான் இலவசமாகக் கிடைப்பது; கற்பதற்கும் எளியது என்பதால் அதையே இங்கு எடுத்துக்கொண்டோம்.

நமக்கெல்லாம் பழக்கமான ஜி.எஸ்.டி. பதிவு எண்ணை வைத்து மாதிரியைப் புரிந்துகொள்வோம். அதில் 15 இடங்கள். முதல் 2 இடங்கள் மாநில எண். தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32, கர்நாடகத்துக்கு 29, புதுச்சேரிக்கு 34. அடுத்த 10 இடங்கள் வருமான வரி பான் எண்: 5 எழுத்து, 4 எண், 1 எழுத்து. பதின்மூன்றாவது இடம், அதே பான் எண்ணில் அந்த மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்பதைக் காட்டும். பதினான்காவது இடத்தில் வழக்கமாக இசட் எழுத்து. கடைசி இடம், மற்றவை சரியாக அடிக்கப்பட்டனவா என்று சோதிக்கும் குறி.

இதை மாதிரியாக எழுதும்போது, "எண் 2 முறை, கேப்பிடல் ஏ முதல் கேப்பிடல் இசட் வரை ஏதாவது ஓர் எழுத்து 5 முறை, எண் 4 முறை" என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். எழுத்தின் எல்லையைச் சதுர அடைப்புக்குள்ளும், எத்தனை முறை என்பதை நெளிந்த அடைப்புக்குள்ளும் எழுதுவார்கள். ஆயிரம் பில்களில் எந்தப் பில்லில் பதிவு எண் தவறாக ஏறியிருக்கிறது என்று நொடியில் பொறுக்கி எடுத்துவிடலாம். ஆனால் கேப்பிடல் என்று சொல்லிவிட்டதால், ஸ்மால் எழுத்தில் அடித்த சரியான எண்ணையும் தவறு என்று தள்ளிவிடும். இங்கேதான் எழுத்து வேறுபாட்டை விட்டுவிடச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சொல்வதற்கு மூன்று வழிகள்

முதல் வழி, ஒவ்வோர் இடத்திலும் இரண்டு எழுத்தையும் எழுதுவது. ரவி என்பதற்கு, முதல் இடத்தில் கேப்பிடல் ஆர் அல்லது ஸ்மால் ஆர், இரண்டாம் இடத்தில் கேப்பிடல் ஏ அல்லது ஸ்மால் ஏ என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். ரவி ஸ்டோர்ஸ் என்பது ஆங்கிலத்தில் 10 எழுத்து. எழுத்துக்கு இரண்டு வகை என்றால் அந்தப் பெயரை 1,024 விதமாக அடிக்கலாம். இந்த வழியில் எழுதினால் அத்தனையும் அகப்படும். ஆனால் எழுதுவதற்கும் படிப்பதற்கும் கடினம்.

இரண்டாவது வழி, மாதிரியை அப்படியே விட்டுவிட்டு, தேடச் சொல்லும் கட்டளையோடு ஒரு குறிப்பைச் சேர்ப்பது. பைத்தானில் அதற்கு இக்னோர்கேஸ் என்று பெயர். கேஸைப் பொருட்படுத்தாதே என்று பொருள். ரீ, ஒரு புள்ளி, அதன்பின் முழுவதும் கேப்பிடலில் இக்னோர்கேஸ் என்று எழுத வேண்டும். சுருக்கமாக ரீ, புள்ளி, கேப்பிடல் ஐ என்று ஒரே எழுத்திலும் எழுதலாம். எழுத்து வேறுபாட்டைப் பாராதே என்று சொல்கிற இந்தக் குறிப்பையே கேப்பிடலில்தான் அடிக்க வேண்டும். பைத்தான் தன் கட்டளைகளில் எழுத்து வேறுபாட்டைக் கண்டிப்பாகப் பார்க்கும்.

மூன்றாவது வழி, மாதிரிக்குள்ளேயே சொல்லிவிடுவது. மாதிரியின் தொடக்கத்தில் வளைந்த அடைப்பைத் திறந்து, ஒரு கேள்விக்குறி, ஒரு ஸ்மால் ஐ போட்டு அடைப்பை மூட வேண்டும். மாதிரிகளை ஒரு பட்டியலாக எழுதி வைத்துப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது வசதி. குறிப்பு மாதிரியோடு ஒட்டிக்கொண்டே போகும். இதைத் தொடக்கத்தில்தான் போட வேண்டும். நடுவில் போட்டால் 2022இல் வந்த 3.11 பதிப்பிலிருந்து பைத்தான் பிழை என்று நிறுத்திவிடுகிறது. மாதிரியின் ஒரு பகுதிக்கு மட்டும் வேறுபாட்டை விட வேண்டும் என்றால், ஸ்மால் ஐக்குப் பின் ஒரு முக்காற்புள்ளி போட்டு, அந்தப் பகுதியை எழுதிய பிறகு அடைப்பை மூட வேண்டும். இது 2016இல் வந்த 3.6 பதிப்பு முதல் உள்ள வசதி.

மற்ற மொழிகளிலும் ஏறக்குறைய இதே ஐ எழுத்துதான். கிரெப் கட்டளையில் ஒரு சிறு கோடும் ஸ்மால் ஐயும் போடுவார்கள். பெர்ல், ஜாவாஸ்கிரிப்ட் மொழிகளில் மாதிரியை முடிக்கும் சாய்கோட்டுக்குப் பின்னால் ஸ்மால் ஐ போடுவார்கள்.

கவனிக்க வேண்டிய சில கண்ணிகள்

ஒன்று: தேடுவதோடு நில்லாமல், கண்ட இடத்தில் பெயரை மாற்றி எழுதவும் பைத்தானில் சப் என்று ஒரு கட்டளை உண்டு. அதில் மாதிரி, புதுப் பெயர், பட்டியல் ஆகிய மூன்றையும் கொடுத்தபின், நான்காவது இடம் "எத்தனை இடத்தில் மாற்றுவது" என்னும் எண்ணிக்கைக்கு உரியது. அந்த இடத்தில் ஐ குறிப்பைப் போட்டுவிட்டால், அதன் உள்மதிப்பு 2 என்பதால் பைத்தான் அதை எண்ணிக்கை 2 என்று எடுத்துக்கொள்ளும். முதலில் கிடைக்கும் 2 இடங்களை மட்டும் மாற்றிவிட்டு நின்றுவிடும். அதுவும் எழுத்து வேறுபாட்டைப் பார்த்தபடியே. முதல் பக்கத்தில் மாறியிருப்பதைப் பார்த்து முழுவதும் மாறிவிட்டது என்று நம்பிவிடுவோம். ஃபிளாக்ஸ் என்று பெயர் சொல்லி, சமக்குறி போட்டு, அதன்பின் குறிப்பை எழுதினால் இந்த மயக்கம் வராது. 2024இல் வந்த 3.13 பதிப்பு முதல், பெயர் சொல்லாமல் எழுதும் முறையைக் கைவிட வேண்டிய முறை என்று பைத்தான்காரர்களே அறிவித்திருக்கிறார்கள்.

இரண்டு: ரவி என்று எழுத்து வேறுபாடு பாராமல் தேடினால் அரவிந்த் என்ற பெயரும் வந்து நிற்கும். அரவிந்தின் நடுவே ரவி இருக்கிறார் அல்லவா? முதல் எழுத்து கேப்பிடலாக வேண்டும் என்று பார்த்த வரையில் அரவிந்த் ஒதுங்கியிருந்தார். அந்த வேலியை எடுத்ததும் உள்ளே வந்துவிட்டார். ஆகவே வேறுபாட்டை விடும்போது, சொல் இங்கே தொடங்கி இங்கே முடிகிறது என்ற எல்லைக் குறியையும் போட வேண்டும். பின்சாய்கோடும் ஸ்மால் பி எழுத்தும் சேர்ந்தது அந்தக் குறி. அரிசி மூட்டையின் இரு முனையிலும் தையல் போடுவதுபோல் பெயரின் இரு பக்கமும் போட வேண்டும். மாதிரியின் மேற்கோள் குறிக்கு முன்னால் ஒரு ஸ்மால் ஆர் எழுத்தும் வேண்டும். இல்லாவிட்டால் எல்லைக் குறியைப் பைத்தான் வேறு பொருளில் எடுத்துக்கொள்ளும்.

மூன்று: ஏ முதல் இசட் வரை என்று சொல்லி இக்னோர்கேஸும் போட்டால், நமக்குத் தெரிந்த 52 எழுத்துகளோடு வேற்று எழுத்துகள் 4 உள்ளே வரும். துருக்கி மொழியின் இரண்டு ஐ எழுத்துகள், பழைய ஆங்கில நீண்ட எஸ், வெப்ப அளவுக்கான கெல்வின் குறி ஆகியவை அவை. எண் என்பதற்கான பொதுக்குறி தமிழ் எண்களையும் எண்ணாகவே ஏற்கும். பதிவு எண்ணைச் சோதிக்கும் இடத்தில் இவை வேண்டாம். இக்னோர்கேஸோடு ஆஸ்கி என்னும் குறிப்பையும், இரண்டுக்கும் நடுவே ஒரு நெடுங்கோடு போட்டுச் சேர்த்தால் இவை ஒதுங்கிவிடும்.

வேறுபாட்டை விடக் கூடாத இடங்கள்

எல்லா இடத்திலும் ஐ போட்டுவிடலாமா என்றால், கூடாது. கடவுச்சொல்லில் எழுத்து வேறுபாடு முக்கியம். அளவைக் குறிகளிலும் முக்கியம்: மெட்ரிக் முறையில் ஸ்மால் எம் ஆயிரத்தில் ஒரு பங்கையும், கேப்பிடல் எம் பத்து லட்சம் மடங்கையும் குறிக்கும். கொள்முதல் விலையைச் சங்கேத எழுத்தில் சிப்பத்தின் மேல் எழுதி வைக்கும் பழக்கம் நம்மில் உண்டு. ஒருவர் ரூபாய்க்குக் கேப்பிடலும் காசுக்கு ஸ்மாலும் என்று வைத்திருந்தால், அங்கே வேறுபாட்டை விட்டுவிட்டால் விலையே மாறிப்போகும். பார்ட்டி பெயர், ஊர் பெயர், பதிவு எண், பில் எண் என்னும் கட்டங்களுக்கு மட்டும் விடு. சங்கேதக் கட்டத்துக்கு விடாதே என்று கட்டம் கட்டமாகச் சொல்ல வேண்டும். இந்த முடிவை எடுக்க வேண்டியவர் முதலாளிதான்.

பில் எண்ணில் சட்டம் சொல்வது

பில் எண்ணைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஜி.எஸ்.டி. விதி 46இன்படி பில் எண் 16 எழுத்துகளுக்கு மிகாமல், ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராததாக இருக்க வேண்டும். எழுத்து, எண், சிறு கோடு, சாய்கோடு ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். கடைக்குக் கேப்பிடல் ஏ வரிசை, குடோனுக்கு ஸ்மால் ஏ வரிசை என்று யாராவது வைத்திருந்தால் உடனே மாற்றிவிட வேண்டும். மின்னணு பில் பதிவுத் தளத்தில் 2025 ஜூன் 1 முதல், பில் எண்ணை எப்படி அடித்தாலும் முழுவதும் கேப்பிடலாக மாற்றிய பிறகே பதிவு எண் உருவாக்குகிறார்கள். ஜி.எஸ்.டி.ஆர். 1 கணக்கில் முன்பிருந்தே எழுத்து வேறுபாடு பார்க்கப்படுவதில்லை. ஆகவே நம் கம்ப்யூட்டரில் இரண்டு பில்லாக இருப்பது அங்கே ஒரே எண்ணாகி, இரண்டாவது பில் இரட்டைப் பதிவு என்று திரும்பிவரும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேற்பட்டவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் மின்னணு பில் கட்டாயம் என்பதால், நம் மொத்த வியாபாரிகளில் பலருக்கு இது பொருந்தும்.

வாங்குகிற பக்கத்திலும் இது பயன்படும். விற்றவர் கணக்குக் காட்டி, அது நமது ஜி.எஸ்.டி.ஆர். 2பி பட்டியலில் வந்தால்தான் உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்று 2022 ஜனவரி 1 முதல் சட்டம் இருக்கிறது. நம் கொள்முதல் பதிவேட்டையும் அந்தப் பட்டியலையும் கம்ப்யூட்டரில் ஒப்பிடும்போது, பில் எண்ணில் எழுத்து வேறுபாடு பார்த்தால், வந்த பில்லையும் வராத பில் என்று காட்டும். சரக்கு அனுப்பியவரிடம் வீண் மனத்தாங்கல் வரும். கழிக்க வேண்டிய வரியும் அந்த மாதம் கைவிட்டுப் போகும்.

எழுத்து வேறுபாடு மட்டும் போதாது

ஐ குறிப்பு கேப்பிடல், ஸ்மால் வேறுபாட்டை மட்டுமே தீர்க்கும். நடுவில் இரண்டு இடைவெளி விட்டிருப்பது, இனிஷியலுக்குப் புள்ளி வைத்தும் வைக்காமலும் அடிப்பது இவற்றை மாதிரியில் தனியே சொல்ல வேண்டும். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் எச் எழுத்தைச் சேர்ப்பார், ஒருவர் விடுவார். ஓர் எழுத்துக்குப் பின் கேள்விக்குறி போட்டால், அந்த எழுத்து இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்று பொருள். செந்தில் என்பதை எச் போட்டு எழுதியவரும் போடாமல் எழுதியவரும் அப்போது ஒன்றாக வருவார்கள்.

பெயர்களைத் தமிழிலேயே ஏற்றினால் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்கலாம். கேப்பிடல் தொல்லை இல்லை. வேறு தொல்லை உண்டு. கொ என்னும் எழுத்தில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் அடிக்கலாம்; ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் அடிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கடைப் பெயர்களில் அடிக்கடி வரும் ஸ்ரீ என்பதும் அப்படித்தான். ஸ என்னும் எழுத்தை வைத்து அடிக்கும் முறை ஒன்று. 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶ என்னும் எழுத்தை வைத்து அடிக்கும் முறை மற்றொன்று. நார்மலைஸ் என்னும் கட்டளை கொம்பும் காலும் உள்ளதைச் சரிசெய்துவிடும், ஸ்ரீயைச் சரிசெய்யாது. அதற்கு நாமே ஒரு முறையை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றிவிட வேண்டும்.

எக்செல் வைத்திருப்பவர்களுக்கு

பைத்தான் இல்லாமல் எக்செல்லில் கணக்கு வைத்திருப்பவர்களும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். அதில் ஃபைண்ட் என்னும் சூத்திரம் எழுத்து வேறுபாட்டைப் பார்க்கும். சர்ச் என்னும் சூத்திரம் பார்க்காது. வி லுக்அப் பார்க்காது, எக்ஸாக்ட் பார்க்கும். பெயர்களை எல்லாம் கேப்பிடலாக்க அப்பர், தேவையற்ற இடைவெளிகளை நீக்க டிரிம் என்று இரண்டு சூத்திரங்கள் இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் 365 எக்செல்லில் இப்போது ரெஜெக்ஸ்டெஸ்ட் என்று மாதிரியால் சோதிக்கும் சூத்திரமே வந்துவிட்டது. அதில் கடைசியாக 1 என்று கொடுத்தால் எழுத்து வேறுபாடு பாராது. கூகுள் ஷீட்ஸில் ரெஜெக்ஸ்மேட்ச் என்னும் சூத்திரத்தில், மேலே சொன்ன மூன்றாவது வழியையே பயன்படுத்தலாம்.

கடையில் பில் போடும் மென்பொருள் எப்படி என்று ஒரு நிமிடத்தில் சோதித்துவிடலாம். கேப்பிடலில் இருக்கும் ஒரு பார்ட்டியின் பெயரை ஸ்மால் எழுத்தில் அடித்துத் தேடிப் பாருங்கள். வந்தால் நல்லது. வராவிட்டால் மென்பொருள் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

வேலையைத் தொடங்கும் முறை

முதலில் கணக்கு முழுவதையும் ஒரு நகல் எடுத்துத் தனியே வைக்க வேண்டும். அடுத்து, எதையும் மாற்றாமல், தேடி மட்டும் ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். அந்தப் பட்டியலைக் கணக்குப்பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரே பெயரில் இரண்டு ஊரில் இரண்டு கடை இருக்கும். அவற்றைச் சேர்த்துவிடக் கூடாது. ஒரே கடைதான் என்று உறுதியானால், ஒரு கணக்கின் பாக்கியை இன்னொன்றுக்கு முறையான மாற்றுப் பதிவு போட்டுக் கொண்டுபோக வேண்டும். பழைய கணக்கை அழிக்கக் கூடாது. பிறகு, சேர்ந்த பாக்கியைக் காட்டி வாடிக்கையாளரிடம் எழுத்து மூலம் ஒப்புதல் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏப்ரல் மாதம் புதுக்கணக்குத் தொடங்கும்போது இதைச் செய்வது எளிது.

இனி ஏறும் கணக்குகளுக்கு ஒரு விதி வைத்துவிடலாம். பார்ட்டி பெயரெல்லாம் கேப்பிடலில்தான் அடிக்க வேண்டும் என்று கல்லாவுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிவிட்டால் பாதித் தொல்லை தீரும். அதைவிட நல்லது, பெயரை நம்பாமல் எண்ணை நம்புவது. ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவருக்கு அந்த எண்ணே அடையாளம். இல்லாதவருக்கு நாமே ஓர் எண் கொடுக்கலாம். கையால் எழுதிய காலத்தில் நாள்வழியில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே பேரேட்டுப் பக்க எண் எழுதினார்கள். ஊரில் பத்து முருகேசன் இருந்தாலும் பக்க எண் ஒருவருக்கு ஒன்றுதான். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அந்த ஒழுங்கு நமக்கு வேண்டியிருக்கிறது.

உறுப்பினர்கள் இந்த வாரமே தத்தம் பார்ட்டி பட்டியலை ஒருமுறை அச்செடுத்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். முதல் பக்கத்தில் உள்ள பெயர் கடைசிப் பக்கத்திலும் இருந்தால், அதன் எதிரே உள்ள பாக்கித் தொகையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மற்றதை அதன்பின் பார்த்துக்கொள்ளலாம்.